"நீங்க கன்வர்ட்டா?" என்று கேட்பதற்கு முன்

(ஓசூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, சரியாகத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டம் முடியும்போது ஒரு தம்பி கேட்டார். "அக்கா, மதம் மாறின நம்ம ஆளுங்க ஏன் அதை மறைக்கிறாங்க? சாதி வேணாம்னுதானே வெளிய போனாங்க? தைரியமா சொல்ல வேண்டியதுதானே?" நேரமாகிவிட்டது, அடுத்த முறை பேசுவோம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். நேரமானது உண்மை. ஆனால் பதில் சொல்லாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. இதே கேள்வியை நானே ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியில் ஓர் அக்கா இருந்தார். காண்ட்ராக்ட் தொழிலாளி. மதியம் கேன்டீனில் ஆறேழு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் மட்டும் எடுக்க மாட்டார். ஊருக்குப் போகணும், உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்வார். ஒருநாள் யாரோ வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு ஜெபக்கூட்டப் படம் வந்தது. அத்திப்பள்ளிப் பக்கம் எங்கேயோ எடுத்தது. முக்காடு போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் இந்த அக்கா. மறுநாள் கேன்டீனில், எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே கேட்டேன்: "அக்கா, நீங்க கன்வர்ட்டா? சொல்லவே இல்லையே!"

நான் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அப்போதுதான் அம்பேத்கரைப் படிக்க ஆரம்பித்திருந்தேன். "ஆமாம், மாறிவிட்டேன்" என்று அவர் நிமிர்ந்து சொல்வார், நாமெல்லாம் பெருமைப்படலாம் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸை மூடினார். அடுத்த நாளிலிருந்து எங்களோடு உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். குடியிருந்த லைன் வீட்டையும் காலி செய்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாதிச் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்' என்று இருந்தது. நான் விளையாட்டாகக் கேட்ட கேள்விக்குள் அந்தப் பெண்ணின் ஸ்காலர்ஷிப் இருந்தது, வீட்டு ஓனர் இருந்தார், சூப்பர்வைசர் இருந்தார். எனக்கு அது தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடிய எல்லோருக்கும் ஒரு கேள்வி பழக்கம். மூக்கண்டப்பள்ளியில் போனாலும் ஜூஜூவாடியில் போனாலும் முதலில் "எந்த ஊரு?", அடுத்து "எந்தக் கம்பெனி?", மூன்றாவதாகக் குரலைக் கொஞ்சம் தணித்து, "என்ன ஆளுங்க?" தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர் இது. மூன்று மொழியிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. இதற்கு "கிறிஸ்டியன்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: "அதுக்கு முன்னாடி?" நம் ஊரில் மதம் மாறியதைச் சொன்னால் மதத்தைப் பற்றிய தகவலோடு அது நிற்பதில்லை. பெரும்பாலும் சாதியைச் சொன்னதாக ஆகிவிடுகிறது. பாட்டன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பத்துப் பேரனையும் 'கன்வர்ட்டட் கிறிஸ்டியன்' என்றுதானே சொல்கிறார்கள்? மாறி மூன்று தலைமுறை ஆனாலும் அவன் 'மாறினவன்'தான்.

சரி, சொன்னால் என்ன ஆகும்? சட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை என்று ஒன்று இருக்கிறது. அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் பிறப்பித்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எஸ்.சி. இடஒதுக்கீடு போகும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதிப் பெயரைச் சொல்லி ஒருவன் செருப்பால் அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. அடிப்பவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. சட்டம் மட்டும் பார்க்கிறது.

சென்னையில் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். சாலையோரம் உட்கார்ந்து தைப்பவர். எண்பதுகளின் தொடக்கத்தில், இப்படி வெயிலிலும் மழையிலும் வேலை செய்யும் பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சிறு பெட்டிக்கடை கொடுக்க அரசு ஆணை வந்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறித்தவர். அதே தொழில், அதே தோல், அதே தெரு. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் அதே இழிவும் ஒடுக்குமுறையும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும், அது நிரூபிக்கப்படவில்லை. வழக்கு தோற்றது. சூசை எதையும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, பெயரே சொல்லிவிடும். வெளிப்படையாக வாழ்ந்ததற்கு அவருக்குக் கிடைத்தது மழையும் வெயிலும்தான்.

2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண். குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டவர். நான் இந்து, எனக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டார். தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். எனக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி. சாதி கும்பிடும் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பிறந்த தெருவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? தேவாலயத்துக்குள்ளேயே சாதி இருக்கிறதே! திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் தலித் கிறித்தவரைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களுக்கும் ஆதிக்க சாதிக் கிறித்தவர்களுக்கும் நடந்த மோதல், 2008-ல் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. அங்கேயும் தாழ்ந்த சாதி, இங்கே வந்தால் "நீ எஸ்.சி. இல்லை." மூன்றாவது பத்தியை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. பத்தி அப்படியே இருக்கிறது.

ஒரு பக்கம், சொன்னால் உரிமை போகும் என்கிறது அரசு. இன்னொரு பக்கம், சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து அத்திப்பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். 2022-ல் கர்நாடகம் கொண்டுவந்த சட்டப்படி, அந்தப் பக்கம் ஒருவர் மதம் மாற வேண்டுமானால் 30 நாளுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஊரைக் கேட்பார்கள். மாறிய பிறகு மறுபடியும் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் மனசாட்சிக்கு ஊர் ஆட்சேபணை! அடுத்து வந்த அரசின் அமைச்சரவை 2023 ஜூனில் அந்தச் சட்டத்தை நீக்க முடிவெடுத்தது. நாம் ஒன்றும் யோக்கியம் இல்லை. 2002-ல் தமிழ்நாட்டிலும் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. மதமாற்றச் சடங்கை நடத்தியவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்றது. எதிர்ப்புக்குப் பிறகு 2004-ல் திரும்பப் பெற்றார்கள்.

இமாச்சலப் பிரதேசத்தில் இதேபோல் முன்கூட்டியே அறிவிக்கச் சொன்ன விதியை 2012-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நம்பிக்கையை மாற்றிக்கொள்ளும் உரிமை இருப்பதுபோல, அதைத் தனக்குள் இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒருவருக்கு உண்டு என்றது. 2017-ல் தனியுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றமும், மதத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதை உலகுக்குச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் சுதந்திரம் என்றது. ஆக, சொல்லாமல் இருப்பது சட்டப்படி ஓர் உரிமை. கோழைத்தனம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. யூத மதத்துக்கு மாறியவர் அதை மற்றவரிடம் சொல்ல வேண்டுமா என்று அவர்களிடையே காலங்காலமாக விவாதம் உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற அவர்களின் சட்டத் தொகுப்பில் ஒரு விதி இருக்கிறது. மதம் மாறியவரின் பிள்ளையிடம், உன் முன்னோர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஞாபகப்படுத்தாதே என்கிறது. இந்த விதி எங்கே வருகிறது தெரியுமா? வியாபாரத்தில் ஏமாற்றுவதைப் பற்றிப் பேசும் பகுதியில். விலையில் ஏமாற்றுவது எப்படிக் குற்றமோ, வார்த்தையால் புண்படுத்துவதும் அப்படியே குற்றம். கவனியுங்கள், அந்த விதி மாறியவருக்கு எந்தக் கட்டளையும் போடவில்லை. பக்கத்தில் இருப்பவனின் வாய்க்குத்தான் பூட்டு போடுகிறது.

நல்ல விதி. அது இந்தியாவுக்கு வந்தபோது என்ன ஆனது? கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி யூதர்களின் ஜெபாலயம் இருக்கிறது. சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த யூதர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மதத்தில் சேர்ந்து, விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் ஒரு தனிப் பிரிவாக வாழ்ந்தார்கள். 'மெஷுஹ்ராரிம்' என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். பெயரே பழசை ஞாபகப்படுத்துகிறது பாருங்கள். ஜெபாலயத்தில் மற்றவரோடு பெஞ்சில் உட்காரக் கூடாது. வேதம் வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். முறைப்படி மாறியவர்கள் யூதர்களே, அவர்களோடு மண உறவு கொள்ளலாம் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த டேவிட் இப்னு சிம்ரா என்ற யூதச் சட்ட அறிஞர் கொச்சிக்குப் பதில் எழுதினார். கொச்சி கேட்கவில்லை. வேதத்தைவிடச் சாதிதான் பெரிதாக இருந்தது.

அந்தப் பிரிவில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். தன் சொந்த ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் தடைகள் தளர்ந்தன. சேலத்தின் முன்னோர்கள் யாரும் போய், "நாங்கள் மாறியவர்கள்" என்று அறிவிக்கவில்லை. ஊர் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்தது. சாதி என்பது இந்தக் கணக்குதான், தோழர்களே. யார் எங்கிருந்து வந்தார், அவர் அப்பா யார், அதற்கு முன்னாடி யார் என்று மறக்காமல் வைத்திருக்கும் கணக்கு. "நீங்க கன்வர்ட்டா?" என்று நான் கேட்டபோது அந்தக் கணக்கில் ஒரு வரி எழுதினேன்.

இப்போது தம்பி எழுந்து மறுப்புச் சொல்லலாம். "அக்கா, எல்லாரும் மறைத்துக்கொண்டே இருந்தால் இந்தச் சட்டம் எப்படி மாறும்? அம்பேத்கர் மறைத்தாரா?" நியாயமான மறுப்பு. அம்பேத்கர் மறைக்கவில்லை. 1935-ல் இயோலாவில் அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு, உலகமே பார்க்க பௌத்தம் ஏற்றார். பட்டியலில் பௌத்தரைச் சேர்க்க அதன்பின் 34 ஆண்டு ஆனது. அதுவரை பௌத்தர் என்று எழுதிக்கொண்டவர்கள் மத்திய அரசின் பட்டியலில் இடம் இழந்தார்கள். தெரிந்தே விலை கொடுத்தார்கள். அவர்கள் அப்படி எழுதிக்கொண்டதால்தான் 1990 வந்தது. இதை நான் மறுக்க மாட்டேன்.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கிய நம் ஆட்கள்தான் மேலே வந்து பத்திரிகை படித்தார்கள், புத்தகம் போட்டார்கள். பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு அவருடைய 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார்கள். 'மாறியவர்' என்ற சொல்லையே அவர்கள் ஏற்கவில்லை. நாங்கள் பூர்வ பௌத்தர்கள், திரும்பி வருகிறோம் என்றார்கள். ஆந்திராவில் குண்டூர் பக்கம் கொத்தரெட்டிபாலத்தில் மாதிகா குடும்பங்கள் சில யூத வழிபாட்டை ஏற்று, தங்களை 'பெனே எப்ராயிம்' என்று சொல்லிக்கொள்கின்றன. அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: மாறவில்லை, திரும்பியிருக்கிறோம்.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இசுலாத்தை ஏற்றன. இரகசியமாக இல்லை. அத்தனை ஆண்டு அந்த மக்கள் அவமானப்பட்டபோது எட்டிப் பார்க்காத அரசியல்வாதிகள் எல்லாம் அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள்.

இந்த மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. யாரும் தனியாகச் சொல்லவில்லை. சேர்ந்து சொன்னார்கள். நாக்பூரில் பக்கத்தில் லட்சம் பேர். தங்கவயலில் ஒரே லைன் வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்கள். மீனாட்சிபுரத்தில் ஒரு ஊர். எப்போது சொல்வது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். கேன்டீனில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் பக்கத்தில் யார் இருந்தார்? காண்ட்ராக்ட் வேலை. நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னால் கேட்க நாதி இல்லை. தனி ஆளிடம் நாம் கேட்பது தைரியம் ஆகாது, பலி. சூசைக்குப் பின்னால் ஒரு பெரிய அமைப்பு உறுதியாக நின்றிருந்தால், அடுத்து வந்தவர்கள் இவ்வளவு பயந்திருப்பார்களா?

அப்படியானால் யாரிடமும் எப்போதும் சொல்ல வேண்டாமா? ஓர் இடத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடம். வாழ்க்கையைப் பங்கு போடுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். விலையும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வரும். 2018 நவம்பரில், ஓசூரில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஓர் இளம் சாதிமறுப்புத் தம்பதியின் உடல்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் காவிரியில் கிடைத்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே அவரிடம் சொல்லுங்கள், அவருடைய சொந்தக்காரர்களிடம் எப்போது சொல்வது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஒருவன் கேலியாகச் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. வீட்டு ஓனருக்கும் சூப்பர்வைசருக்கும் பக்கத்து மெஷின்காரருக்கும் நீங்கள் எந்தக் கணக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

மற்றவர்களாகிய நமக்கு இரண்டு வேலை. முதல் வேலை, கேட்காமல் இருப்பது. ஜெபக்கூட்டப் படத்தில் யாரையாவது பார்த்தால் பேசாமல் இருங்கள், பகிராதீர்கள். பௌத்த விகாரையில், பள்ளிவாசலில் பார்த்தாலும் அப்படியே. இரண்டாவது வேலை கடினமானது. அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லிக் கேட்பதை, மாறியவர்கள் தலையில் மட்டும் கட்டாமல் நாம் எடுத்துச் செய்ய வேண்டும். பறிபோகச் சான்றிதழ் இல்லாதவர்கள், வேலை நிரந்தரமானவர்கள், சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் பேசுங்கள். உங்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை. "எங்கள் இடஒதுக்கீடு குறைந்துவிடுமே" என்று நம் ஆட்களுக்குள்ளேயே ஒரு பயம் இருக்கிறது. அது பொய்யான பயம் இல்லை. அந்த மக்கள்தொகைக்குரிய பங்கையும் சேர்த்து அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்போம். அண்ணன் தம்பியை வெளியே நிறுத்திவிட்டுக் காப்பாற்றுகிற பங்கு எத்தனை நாளைக்கு நிற்கும்?

நான் எந்த மதம், என் வீட்டில் யாராவது மாறியிருக்கிறார்களா என்று இந்த உரையில் சொல்லவில்லை. கவனித்திருப்பீர்கள். சொல்லப்போவதும் இல்லை.

அந்த அக்காவைப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில், கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்றார். "பொண்ணு படிச்சு முடிச்சுட்டா" என்றார். எந்த வேலை, எங்கே என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பஸ் வந்தது, பையைத் தூக்கிக் கொடுத்தேன், ஏறிப் போனார்.